பத்து நிமிடமும் இரண்டாவது மணியும்

(முன்னாள் மாணவர் சங்கமத்தின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழுவிலிருந்து போன் செய்த தம்பி, "அண்ணா, காலை அமர்வில் உங்களுக்கு இருபது நிமிடம். இன்ஸ்ட்ருமென்டேஷன் துறையில் வேலைவாய்ப்பு பற்றிப் பேசுறீங்களா?" என்று கேட்டார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கின் முதல் மூன்று வரிசையிலேயே இருக்கிறார்கள். "நாடகம் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேசுங்கண்ணா, ஆனா டைம் மட்டும் பாத்துக்கங்க" என்றார்.

டைம் பார்ப்பது பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் விடுதி நாள் நாடகப் போட்டியின் விதி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எட்டாவது நிமிடம் முதல் மணி. பத்தாவது நிமிடம் இரண்டாவது மணி. இரண்டாவது மணி அடித்ததும் கதாநாயகன் செத்துக்கொண்டிருந்தாலும் சரி, தாலி கட்டிக்கொண்டிருந்தாலும் சரி, திரையை இழுத்துவிடுவார்கள். ஒரு வருடம் பாதி செத்த நிலையில் திரை விழுந்து, அவர் எழுந்து வந்து மீதியைத் திரைக்கு முன்னால் நின்று செத்துக் காட்டினார். அவர் இன்று ஒரு பெரிய நிறுவனத்தில் பெரிய பதவியில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அவரே சிரித்துக்கொண்டிருக்கிறார், பாருங்கள்.

பத்து நிமிட நாடகம் என்பது ஏதோ நம் விடுதியின் சிக்கனம் என்றுதான் நான் அந்தக் காலத்தில் நினைத்திருந்தேன். அது உலகெங்கும் ஒரு தனி வடிவமாகவே இருக்கிறது என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் லூயிவில் நகரத்து நாடக அரங்கம் அதை முனைந்து வளர்த்தது. 2002இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 'ஷார்ட் அண்ட் ஸ்வீட்' என்ற பத்து நிமிட நாடக விழா தொடங்கி, பிறகு பல நாடுகளுக்குப் பரவி, நம் சென்னைக்கும் வந்தது. ஒரே மாலையில் எட்டுப் பத்து நாடகம். ஒன்று பிடிக்கவில்லை என்றால் கவலையில்லை, பஸ் மாதிரி அடுத்தது பின்னாலேயே வரும்.

இந்தக் குறுநாடகங்களில் பெரும்பாலானவை எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? இரண்டு பேர். ஒரு பெஞ்சு அல்லது ஒரு மேஜை. ஒருவர் மற்றவரிடம் ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டும், சொல்ல முடியவில்லை. ஏறக்குறைய எல்லாமே இதுதான். காரணம் எளிது. பத்து நிமிடத்தில் ஒரு குடும்பத்தைக் காட்ட முடியாது, ஊரைக் காட்ட முடியாது. அப்பா வில்லன் என்றால் அவருக்கு ஒரு வீடு வேண்டும், மாடிப்படி வேண்டும், அவர் இறங்கி வரவே ஒரு நிமிடம் போய்விடும்! நம் சினிமாவிலும் முழுநீள நாடகத்திலும் காதலுக்குத் தடை வெளியே நிற்கும். குறுநாடகத்தில் தடைக்கு நிற்க இடம் கிடையாது. அது பேசுகிறவனின் தொண்டைக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

இப்படிச் சொன்னதும் யாராவது எழுந்து, "வெளியே தடை இல்லை என்கிறீர்களா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டும். 2016இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் நாம். வெளியே இருக்கிற தடை அரிவாளோடு நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். நான் இன்று பேச வந்தது, உள்ளே இருக்கிற தடையைப் பற்றி மட்டும்.

சில நாடகங்களைச் சொல்கிறேன். பெங்களூரில் வேலை பார்த்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து நாடகம் வாசிப்போம். நடிப்பெல்லாம் இல்லை, டீயும் பேப்பரும் மட்டும். அப்படி வாசித்த ஒன்று, டேவிட் ஐவ்ஸ் என்ற அமெரிக்கர் எழுதி 1988இல் நியூயார்க்கில் மேடையேறிய 'ஷ்யூர் திங்'. ஒரு காபிக்கடை. ஒரு பெண் உட்கார்ந்து ஃபாக்னரின் நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒருவன் வந்து, எதிர் நாற்காலி காலியா என்று கேட்கிறான். அவள் வேறு ஒருவருக்காகக் காத்திருப்பதாகச் சொன்னால், டிங்! மணி அடிக்கும். உடனே அதே இடத்திலிருந்து மறுபடி. இந்தத் தடவை வேறு பதில். அவன் ஏதாவது அசடு வழிந்தால் மணி. படித்த காலேஜ் பெயரைத் தப்பாகச் சொன்னால் மணி. அரசியல் கருத்தைச் சொல்லித் தொலைத்தால் மணி. இப்படித் திருத்தித் திருத்தி, கடைசியில் ஜென்மத்துக்கும் சேர்ந்தே இருப்பது என்ற முடிவுக்கு இரண்டு பேரும் வந்துவிடுகிறார்கள்.

முதல் வாசிப்பில் வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டாவது வாசிப்பில் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. கடைசியில் ஒத்துப்போகிற அந்த இருவர், முதலில் வந்த அதே இருவர்தானா? மணிக்கு மணி ஒவ்வொரு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டு, மணி அடிக்காத பதில்களை மட்டும் வைத்துக்கொண்ட இரண்டு பேர் அல்லவா அங்கே கைகோத்து நிற்கிறார்கள்?

நம் ஊரில் இதற்கு ஈடான பத்து நிமிட நாடகம் ஒன்று வழிவழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெண் பார்க்கும் படலம். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தனியா பேசிட்டு வாங்களேன்" என்று மொட்டைமாடிக்கு அனுப்புவார்களே, அது! எனக்கும் மொட்டைமாடிதான். கர்நாடக இசை பிடிக்குமா என்று அவர் கேட்டார். பிடிக்கும் என்றேன். மணி அடிக்கவில்லை. கல்யாணமாகி இரண்டு டிசம்பர் சீசன் முழுக்கச் சபா நாற்காலியில் தூங்கிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. தனக்கு மலையேறுவது பிடிக்கும் என்று அவரும் அன்று சொல்லியிருந்தார். அதுவும் அப்படித்தான்.

அடுத்தது இங்கிலாந்தில் சாம் ஸ்டைனர் எழுதிய நாடகம். 2015இல் முதலில் மேடையேறியது. தலைப்பு 'லெமன்ஸ்' என்ற ஒரே சொல், ஐந்து தடவை. கதை இதுதான்: ஒரு மனிதன் ஒரு நாளைக்கு 140 சொல்லுக்கு மேல் பேசக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டுவிடுகிறது. பெண் வழக்கறிஞர், ஆண் பாட்டுக்காரன். அவளுடைய தொழிலே பேச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கையில் மிச்சம் இருப்பது நாலோ ஐந்தோ சொல். அதை வைத்துக்கொண்டு சண்டை போடுவதா, சமாதானம் சொல்வதா?

இதைப் பார்த்தபோது எனக்குக் காதலர்கள் நினைவு வரவில்லை. விடுதி வராந்தாவில் இருந்த போன்தான் நினைவு வந்தது. ஞாயிறு இரவு என் அப்பா பேசுவார். "சாப்ட்டியா? பணம் இருக்கா? சரி, வைக்கிறேன்." ஐந்து சொல். நாலு வருடமும் அதே ஐந்து சொல். அவருக்கு எந்த அரசாங்கமும் சட்டம் போடவில்லை. இன்றைக்கும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோம். சொல் எண்ணிக்கை கூடவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்காக ஒரு நாடகத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கேரில் சர்ச்சில் என்ற ஆங்கில நாடகாசிரியை 1997இல் எழுதிய 'ஹார்ட்ஸ் டிசையர்'. ஆஸ்திரேலியாவிலிருந்து மகள் வரப்போகிறாள். அப்பாவும் அம்மாவும் சமையலறையில் காத்திருக்கிறார்கள். பேச்சு கொஞ்ச தூரம் போகும், நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ குறுக்கே வரும். மகள் வந்து சேருவதற்குள் அந்த வீட்டில் பேசப்படாமல் கிடந்ததெல்லாம் கொட்டிவிடுகிறது. ஏர்போர்ட்டிலிருந்து கால்டாக்சியில் வீட்டுக்குப் போகும்போது, உள்ளே எத்தனை தடவை ஒத்திகை நடந்திருக்கும் என்று அதற்குப் பிறகு நான் யோசிக்காமல் இருந்ததில்லை.

அதே சர்ச்சில் 2012இல் எழுதிய 'லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்' நாடகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குட்டிக் காட்சிகள். அச்சிட்ட புத்தகத்தில் வசனம் மட்டும்தான் இருக்கும். யார் பேசுகிறார்கள், ஆணா பெண்ணா, வயதென்ன, ஒன்றும் போட்டிருக்க மாட்டார். அதை இயக்குநர்தான் முடிவு செய்ய வேண்டும். அதாவது, ஒரு வசனம் யார் வாயில் இருக்கிறது என்பதை வைத்து நாடகமே வேறாகிவிடும் என்று அந்த அம்மையாருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கும் அது தெரியும். 2009 பிப்ரவரியிலிருந்து தெரியும்.

அந்த வருடம் இறுதியாண்டு. விடுதி நாள் நாடகத்துக்கு நான் இயக்குநர். எழுதித் தந்தது என் நண்பன் ஒருவன். பெயர், துறை, அறை எண் எதையும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் இதைப் பேச அனுமதி தந்திருக்கிறான். 2009 பேட்ச்காரர்கள் சிலருக்கு யாரென்று தெரிந்திருக்கும். பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருந்தால் போதும்.

நாடகத்தின் பெயர் 'பாக்கி'. நம் ஊர் ரயில்வே ஸ்டேஷன், கடைசித் தேர்வு முடிந்த இரவு. இரண்டு மாணவர்கள். ஒருவனுக்கு வடக்கே போகிற ரயில், இன்னொருவனுக்குத் தெற்கே போகிற ரயில். நாலு வருடக் கணக்கை முடித்துக்கொள்ள உட்கார்ந்திருக்கிறார்கள். மெஸ் பில்லில் யார் யாருக்குக் கட்டியது, ஜெராக்ஸ், டிராஃப்டர் வாங்கியதில் பாதி, ஜுரம் வந்தபோது ஆட்டோ, ஒரு நாள் ராத்திரி குடித்த பதினோரு டீ. பத்து நிமிடமும் கணக்குத்தான். காதல், அன்பு, நட்பு என்ற சொல் எதுவுமே ஸ்கிரிப்ட்டில் கிடையாது. கடைசியில் 340 ரூபாய் நிற்கிறது. ஒருவன் பர்ஸை எடுக்கிறான். மற்றவன், "வேணாம், வெச்சுக்கோ. பாக்கி இருந்தாத்தான் போன் எடுப்பே" என்கிறான். ரயில் சத்தம். விளக்கு அணைகிறது.

படித்ததும் எனக்குப் புரிந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று இந்த மேடையில் சொன்னால் அது பொய். ஆட்டோ வரியிலேயே புரிந்துவிட்டது. புரிந்ததால்தான், "மச்சி, செமயா இருக்கு. ஆனா ரெண்டு பசங்க உட்கார்ந்து கணக்கு பேசினா எவன் பாப்பான்? ஒருத்தன பொண்ணா மாத்திடலாம்" என்றேன். வார்டன் சார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றும் சொன்னேன். வார்டன் சாரிடம் நான் ஸ்கிரிப்டைக் காட்டவே இல்லை. அவர் என்ன சொல்வார் என்பதை நானே அவருக்காக முடிவு செய்துகொண்டேன்.

அவன் சண்டை போடவில்லை. "உன் இஷ்டம்" என்றான்.

இரண்டாமாண்டுத் தம்பி ஒருவனுக்குத் தாவணி கட்டி, முல்லைப்பூ வைத்து உட்காரவைத்தோம். கணக்குப் பேச்சு முழுக்க ஊடல் ஆகிவிட்டது. பதினோரு டீக்கு ஒரு விசில். ஆட்டோவுக்குப் பெரிய விசில். "பாக்கி இருந்தாத்தான் போன் எடுப்பே" என்று தாவணித் தம்பி தலையைக் குனிந்து சொன்னபோது கூரை இருந்திருந்தால் பிய்ந்திருக்கும். திறந்தவெளி அரங்கம் என்பதால் தப்பித்தது. கடைசி அரை நிமிடத்துக்கு ஒரு சினிமாப் பாட்டும் போட்டோம். இரண்டாவது மணிக்கு எட்டு வினாடி முன்னால் முடித்தோம். முதல் பரிசு.

ஆண்பிள்ளைக்குப் புடவை கட்டினால் சிரிப்பு வரும் என்ற ஒரே சூத்திரத்தை வைத்து நாம் எத்தனை கோப்பை வாங்கியிருக்கிறோம்! 2014இல் லிவிங் ஸ்மைல் வித்யா உள்ளிட்டோர் சென்னையில் 'பன்மை' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். புடவை கட்டிய உருவம் சிரிப்புக்கென்றே நிறுத்தப்பட்ட மேடையில், திருநங்கையரும் திருநம்பியரும் தாங்களே ஏறித் தங்கள் வாழ்க்கையைத் தங்கள் வாயால் சொன்னார்கள். அவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது எங்கள் தாவணித் தம்பிதான். பாவம், அவனுக்கு அது வெறும் அரியர் இல்லாத செமஸ்டரின் கொண்டாட்டம்.

நாடகம் நடந்தபோது எழுதியவன் எங்கே இருந்தான் என்றால், விளக்குப் பலகை பக்கத்தில். நாலு ஹாலஜன் விளக்கு. எலக்ட்ரிக்கல் லேபிலிருந்து கெஞ்சி வாங்கிவந்த ஒரு டிம்மர்ஸ்டாட். அதைத் திருப்புகிற வேலை அவனுடையது. பரிசு அறிவிக்கும் முன், ஆசிரியர் என்று தன் பெயரைப் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கோபத்தில் முறுக்கிக்கொள்கிறான் என்று விட்டுவிட்டேன். அறிவிப்பில் 'எழுத்து, இயக்கம்' என்று என் பெயர் வந்தது. நான் போய்த் திருத்தவில்லை.

மே மாதம் நிஜமாகவே அதே ஸ்டேஷனில் அவனை வழியனுப்பப் போனேன். ரயில் வருகிற நேரத்தில் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து எண்ணினான். "அறுபத்தி ரெண்டு ரூபா அம்பது காசு. ரெண்டு பங்க்ச்சர், வைவா அன்னிக்கு ஜெராக்ஸ்." வேணாம்டா என்றேன். "இல்ல. கணக்கு கணக்கா இருக்கட்டும்" என்றான். வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் பேச்சில்லை.

நாங்கள் கல்லூரியை விட்டுப் போன சில வாரங்களில், 2009 ஜூலை 2 அன்று, வயதுவந்த இருவர் மனமொத்து வாழ்வது 377ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு மறுபடியும் குற்றமில்லை என்று சொன்னது. மூன்று தடவையும் நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவனை நினைத்தேன். மூன்று தடவையும் போன் செய்யவில்லை. நம்பர் இல்லை என்பது காரணமில்லை, தேடினால் கிடைத்திருக்கும்.

இனி கடைசி நாடகம். நிக் பெய்ன் எழுதிய 'கான்ஸ்டலேஷன்ஸ்'. 2012 ஜனவரியில் லண்டன் ராயல் கோர்ட் அரங்கத்தின் மாடியிலுள்ள சின்ன அரங்கில் முதலில் மேடையேறியது. மொத்தமே எழுபது நிமிடம்தான், இடைவேளை கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் சின்னச் சின்னக் காட்சிகள், சில ஒரு நிமிடம்கூட இல்லை. அவள் அண்டவியல் படிக்கிற இயற்பியலாளர். அவன் தேனீ வளர்ப்பவன். ஒரு விருந்தில் சந்திக்கிறார்கள். பல பிரபஞ்சங்கள் அடுத்தடுத்து இருக்கலாம், ஒவ்வொன்றிலும் நாம் வேறு பதில் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஒரே காட்சி நாலைந்து விதமாக நடக்கும். ஒன்றில் அவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கும். ஒன்றில் அவள் ஏமாற்றியிருப்பாள், இன்னொன்றில் அவன். பிறகு அவளுக்கு மூளையில் கட்டி. சொற்கள் ஒவ்வொன்றாகத் தொலைய ஆரம்பிக்கும்.

2021இல் கொரோனா அடைப்பு தளர்ந்தபோது லண்டன் வாடவில் அரங்கில் இதை மறுபடி போட்டார்கள். முதலில் இயக்கிய மைக்கேல் லாங்ஹர்ஸ்ட்தான் இயக்குநர். ஆனால் நடிக்க நாலு ஜோடி, முறைவைத்து. நான் அப்போது ஒரு புராஜெக்ட்டுக்காக ரெடிங் நகரத்தில் இருந்தேன். ஆகஸ்டில் என் மனைவியும் நானும் முகக்கவசத்தோடு போய் ஆனா மாக்ஸ்வெல் மார்ட்டின், கிறிஸ் ஓடவுட் ஜோடியைப் பார்த்தோம். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இன்னொரு ஜோடியையும் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் போனோம். அந்த ஜோடி ஓமாரி டக்ளஸ், ரஸ்ஸல் டோவி. இரண்டு ஆண்கள். மேரியான் என்ற பெண், மானுவேல் என்ற ஆண் ஆகியிருந்தார். அந்தப் பெயரும் அதை ஒட்டிய சில சொற்களும் தவிர, என் காதுக்குக் கேட்டவரை வசனம் முழுக்க அதே வசனம்.

நாங்கள் ஒரு கருவியைச் சோதிக்கும்போது ஒரே ஒரு இன்புட்டை மாற்றுவோம், மற்றதையெல்லாம் தொடமாட்டோம். வெளியே என்ன மாறுகிறது என்று பார்ப்போம். அன்று மேடையில் நடந்தது எனக்கு அப்படித்தான் பட்டது. தேனீக்காரன் தன் காதலைச் சொல்ல, தேனீக்களைப் பற்றி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தப்பும் தவறுமாகப் படிக்கிற காட்சி ஒன்று உண்டு. போன வாரம் அரங்கம் சிரித்த அதே இடத்தில் இந்த வாரமும் அரங்கம் சிரித்தது. போன வாரம் எனக்கு முன்வரிசையில் ஒரு வயதான அம்மாள் மூக்கை உறிஞ்சிய இடத்தில் இந்த வாரம் என் பக்கத்தில் என் மனைவி உறிஞ்சினார். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன், முள் அசையவில்லை.

விசிலுக்காக மாற்றினேன் என்று பன்னிரண்டு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்றாமலே கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. 2009இல் நம் திறந்தவெளி அரங்கம் வாடவில் அரங்கம் இல்லை, கல்கூட விழுந்திருக்கலாம். அது தெரியாது. நான் பார்க்கவே விடவில்லை, அதனால் தெரியாது.

திரும்பும் ரயிலில் மனைவியிடம் முதல்முறையாக 'பாக்கி' கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த அறுபத்தி ரெண்டு ரூபாய என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். ஸ்டேஷன் வாசலில் பரோட்டா சாப்பிட்டேன். அதுதான் உண்மை.

அன்று ராத்திரி அவனுடைய பழைய யாஹூ முகவரிக்கு எழுதினேன். நீளமாகத்தான் எழுதினேன், மன்னிப்பும் கேட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "எந்த தியேட்டர்? டிக்கெட் எவ்வளவு?" அவ்வளவுதான். வாடவில், ஐம்பத்தைந்து பவுண்ட் என்று எழுதினேன். "கொள்ளை" என்று பதில் வந்தது. இப்படியே ஆரம்பித்துப் பல மாதம் கழித்துத்தான் போனில் பேசினோம். தைரியம் வந்த ஒரு நாள், அந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த இரண்டாவது பையன் நானா என்று கேட்டேன். போனில் அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "உனக்கு எப்பவுமே நீதான் ஹீரோன்னு நினைப்புடா" என்றான். அது வேறு யாரோ. யார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த யாரோ ஒருவர் அன்று அரங்கத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்து, விசிலுக்கு நடுவில், அந்தக் கடைசி வசனத்தைத் தாவணித் தம்பி வாயால் கேட்டாரோ? அதை நினைக்கும்போதுதான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த நாடகம் ஒருவருக்கு எழுதிய கடிதம். உறையைப் பிரித்து வேறு முகவரி எழுதியவன் நான்.

இந்த ஆண்டு மன்றத்துத் தம்பி தங்கைகள் பழைய விடுதி நாள் நாடகங்களைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னபோது அவனிடம் கேட்டேன். ஒரு ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிய மூலப்பிரதி அவனிடம் பத்திரமாக இருந்தது. படம் பிடித்து அனுப்பினான். இன்று மாலை ஆறரை மணிக்குத் திறந்தவெளி அரங்கில் மூன்றாமாண்டு மாணவர்கள் இருவர் அதை நடிக்கிறார்கள். நேற்று ஒத்திகை பார்த்தேன். டீ விலையையாவது இன்றைய விலைக்கு மாற்றலாமா என்று அவர்கள் கேட்டார்கள். மாற்ற வேண்டாம் என்றேன். முதல்வர் அவர்களிடம் இந்தமுறை ஸ்கிரிப்டைக் காட்டினோம். படித்துவிட்டு, "மைக் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். நன்றி சார்.

அவன் வருவானா என்று கேட்பீர்கள். டிக்கெட் போட்டிருந்தான். நேற்று ராத்திரி வரை வெயிட்டிங் லிஸ்ட் 14.

பெயர், துறை, அறை எண் என்று மூன்று நிபந்தனை சொன்னேன் அல்லவா? நாலாவதும் ஒன்று உண்டு. மாலையில் என்னை முன்வரிசையில் தேடாதீர்கள். விளக்குப் பலகைக்கு ஆள் வேண்டும் என்று, அதற்கு என் பெயரை அவனே எழுதி அனுப்பியிருக்கிறான்.

வணக்கம்.